புகை இல்லாத காருக்கு புகை சர்டிபிகேட்!

உங்களிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருக்கிறது. அதன் எஞ்சினைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் மோட்டார், டிக்கியில் பாட்டரி என்று வைத்து எலெக்ட்ரிக் காராக மாற்றிவிட்டீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு மூச்சுக் காட்டவில்லை. சத்தமில்லாமல் போய்க் கொண்டிருக்கிறீர்கள். (நிஜமாகவே சத்தமில்லாமல்!) சிக்னலில் போலீஸ்காரர் கை காட்டுகிறார்.

"புகை சர்டிபிகேட் எங்க ஸார்?"

"இது கரண்டு வண்டிங்க. புகையே வராது."

"ஆர்.சி.யில பெட்ரோல்னு போட்டிருக்கே?"

அவர் கேட்பது நியாயம். ஆர்.சி. புத்தகத்தின்படி அது பெட்ரோல் கார். பெட்ரோல் கார் என்றால் புகை சர்டிபிகேட் வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவுப்படி பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில்கூட உண்டு. சரி, தொலைகிறது, எடுத்துவிடலாம் என்று டெஸ்ட் பண்ணுமிடத்துக்குப் போகிறீர்கள். அங்கே இருக்கும் பையன் கையில் குழாயோடு காரின் பின்பக்கம் குனிகிறான். தேடுகிறான். இன்னும் குனிகிறான். குழாயைச் செருக அங்கே சைலன்ஸரே இல்லை!

இதை ஜோக்காகத்தான் நண்பர்களிடம் சொல்லிக் கொண்டிருந்தேன், கோவையிலிருந்து பெரியப்பா போன் பண்ணும் வரை.

"டேய், நீ பி.காம். படிச்சவன்தானே? நம்ம மாருதியை கரண்டு வண்டியா மாத்தலாம்னு இருக்கேன். சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்துச் சொல்லு."

பி.காமுக்கும் மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியப்பாவிடம் கேட்க முடியாது. அவர் முப்பது வருஷம் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். என் காதைத் திருகிய விரல்கள் இன்னும் பலமாகத்தான் இருக்கின்றன.

அவருக்கு வயது எழுபத்து நாலு. பி.எஃப்.பில் கடன் போட்டு 2000-வது வருஷம் நவம்பரில் வாங்கிய மாருதி 800. குடும்பத்தின் முதல் கார். என் அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இதில்தான். (மாப்பிள்ளை ஆறடி. இறங்குவதற்குள் நாதஸ்வரக்காரர் இரண்டு உருப்படி வாசித்து முடித்துவிட்டார்.) ஆனால் பெரியப்பா கேட்டது பாசத்தில் மட்டும் இல்லை. அவருக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது, க்ளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரியம்மாவை மாதம் தவறாமல் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயாக வேண்டும். எலெக்ட்ரிக்காக மாற்றினால் ஒரே கியரில் ஓட்டலாம், க்ளட்ச் தொல்லை இல்லை. தினம் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதும் இல்லை. புது எலெக்ட்ரிக் கார் என்றால் சின்னதே ஏழு, எட்டு லட்சம். பென்ஷன்காரருக்கு அது கனவு.

கணபதியில் ஒரு பட்டறைக்காரர் இரண்டே முக்கால் லட்சத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். நான் நேரில் போய்ப் பார்த்தேன். கெட்டிக்காரர், சந்தேகமே இல்லை. மோட்டார் காயில் சுற்றுவதில் ஆரம்பித்து முன்னுக்கு வந்தவர். ஏற்கெனவே மாற்றிய ஒரு ஆம்னியில் என்னை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். பூனை மாதிரி போனது.

"ஆர்.சி. எப்படிங்க மாத்தறது?" என்றேன்.

"அதையெல்லாம் தொட வேண்டாம்ங்ணா. புத்தகம் பாட்டுக்கு பெட்ரோல்னே இருக்கட்டும். யாருங்ணா பானெட்டைத் தெறந்து பாக்கப் போறாங்க?"

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சென்னை திரும்பியதும் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.

நம்மில் பாதிப் பேர், 'காரை எலெக்ட்ரிக்காக மாற்றுவது சட்டப்படி குற்றம்' என்கிறோம். மீதிப் பேர், 'அரசாங்கமே மாற்றச் சொல்கிறது, தாராளமாக மாற்றலாம்' என்கிறோம். இரண்டுமே அரைகுறை.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு. கார் கம்பெனி முதலில் சொன்ன விவரங்களுக்கு மாறாக ஆர்.சி.யின் விவரங்கள் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆனால் 2000-ல் செய்த திருத்தத்தில் கூடவே ஒரு ஜன்னலையும் திறந்து வைத்தார்கள். பாட்டரி, சி.என்.ஜி., சூரிய சக்தி, எல்.பி.ஜி. போன்ற வேறு எரிபொருளில் ஓடுவதற்காக, மாற்று 'கிட்' பொருத்தி எஞ்சினை மாற்றலாம். ஆனால் அதற்கென்று விதிக்கப்பட்ட நிபந்தனைகளின்படி! பாட்டரி என்ற வார்த்தையே அதில் இருக்கிறது. எலெக்ட்ரிக் காரைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லாத காலத்தில் எழுதியது என்பதை நினைத்தால் ஆச்சரியம்தான்.

2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்றது. மறுநாள் பேப்பர்களில் 'காரை மாற்றினால் அவ்வளவுதான்' என்கிற ரீதியில் தலைப்புகள். அகல டயர்க்காரர்களும் அலற ஹாரன்காரர்களும் அரண்டார்கள். ஆனால் எரிபொருள் மாற்றத்துக்கான ஜன்னலை அந்தத் தீர்ப்பு மூடவில்லை. சட்டத்தில் அது அப்படியே இருக்கிறது.

அப்புறம் என்ன கஷ்டம் என்கிறீர்களா? ஜன்னல் இருக்கிறது. அது எட்டாத உயரத்தில் இருக்கிறது.

அந்த நிபந்தனைகளை ஏ.ஐ.எஸ். 123 என்ற தரக்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று பாகம். மூன்றாவது பாகம்தான் முழுக்க முழுக்க எலெக்ட்ரிக்காக மாற்றுவது பற்றியது. அதைப் படித்தால் ஒன்று புரியும். அரசாங்கம் உங்கள் காருக்கு அனுமதி தருவதில்லை. கிட்டுக்குத்தான் தருகிறது! கிட் தயாரிப்பவர் தன் மோட்டார், பாட்டரி, கன்ட்ரோலர், ஒயர் எல்லாவற்றையும் ஒரு செட்டாகக் கொண்டுபோய், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐகேட், நம் ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிலையத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் சும்மா மேஜையில் வைத்து அல்ல. எந்த மாடல் காருக்கோ அந்தக் காரில் பொருத்தி. எடை, பிரேக், மின் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். தேறினால், அந்த மாடலுக்கு அந்த கிட் செல்லும். வேறு மாடலென்றால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும்.

இப்படி அனுமதி வாங்கிய கிட்டை, அந்தக் கம்பெனி நியமித்த இடத்தில் பொருத்திக் கொண்டால், மிச்சமெல்லாம் சாதாரண ஆபீஸ் வேலைதான். ஆர்.டி.ஓ.வுக்கு விண்ணப்பம், பதினாலு நாளைக்குள் மாற்றத்தைத் தெரிவிப்பது, பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பது, ஆர்.சி.யில் எரிபொருளும் மோட்டார் நம்பரும் மாறுவது, பச்சை நம்பர் பிளேட். காருக்கு லோன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். இதில் எதுவும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை.

மலை எங்கே இருக்கிறதென்றால், பெரியப்பாவின் காருக்கு அந்த கிட் எங்கே என்பதில். நான் ஐந்தாறு இடங்களில் விசாரித்தேன். இரண்டு பேர், டாக்ஸிக்கு ஓடும் மாடல்களாக இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். ஒருவர் நாலரை லட்சம் என்று விலையை மட்டும் சொன்னார், காகிதத்தைக் காட்டவில்லை. இன்னொருவர், "மாருதி 800-ஆ? அதை மியூசியத்துல வைங்க ஸார்" என்றார். (இதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை.) 2000-ம் வருஷத்து மாருதி 800-க்கு அனுமதி பெற்ற கிட் இதோ என்று சர்டிபிகேட்டை நீட்டியவர் எனக்கு யாரும் அகப்படவில்லை.

அகப்படாததற்குக் காரணத்தை கணபதி பட்டறைக்காரரே சொன்னார். இரண்டாம் தடவை அவரைப் பார்த்தபோது மனுஷர் கொஞ்சம் மனம் விட்டுப் பேசினார்.

"எனக்கு மட்டும் முறையா செய்யணும்னு ஆசை இல்லீங்களாண்ணா? விசாரிச்சுப் பாத்துட்டேன். டெஸ்ட்டுக்கு லட்சக்கணக்குல ஆகும்ங்கறாங்க. மாசக்கணக்குல வேற ஆகுது. அதுவும் ஒரு மாடலுக்கு. எங்கிட்ட வர்ற பத்து வண்டியும் பத்து மாடலுங்ணா. ஒருத்தர் பத்மினி கொண்டாறாரு, ஒருத்தர் ஜென், ஒருத்தர் அம்பாஸிடரு. நான் எதுக்குன்னு டெஸ்ட் எடுக்கறது?"

வணிகவியல் படித்தவனுக்கு இது உடனே புரிந்துவிடும். சோதனைச் செலவை ஆயிரம் கார்களின் மேல் பரப்பினால் ஆளுக்குக் கொஞ்சம். ஒரே காரின் மேல் போட்டால் கார் அதன் அடியில் நசுங்கிவிடும். மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அம்பாஸிடர் அதே வருஷம் மே மாதம். இனி குறைந்துகொண்டே போகிற ஒரு மாடலுக்காக எந்தக் கம்பெனி பணத்தைப் போடும்?

சட்டத்தின் மேல் மட்டும் பழியைப் போடவும் எனக்கு மனசு வரவில்லை. மாருதி 800-ன் எடை ஏறக்குறைய அறுநூற்றைம்பது கிலோதான். அதில் எஞ்சினை எடுத்து, பின்பக்கம் நூறு கிலோவுக்கு மேல் பாட்டரியை ஏற்றினால் பிரேக் அதே பிரேக், ஸ்பிரிங் அதே ஸ்பிரிங். பூஸ்டர் உள்ள பிரேக் என்றால் இன்னொரு சங்கதி. பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிட இழுப்பு பெட்ரோல் எஞ்சினிலிருந்துதான் வருகிறது. எஞ்சினை எடுத்துவிட்டுத் தனி பம்ப் வைக்க மறந்தால், பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பாட்டரி சமாசாரம் அதைவிட மோசம். 2022 மார்ச்சில் வேலூரில், ராத்திரி சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷத்து விபத்துகளுக்குப் பிறகுதான் பாட்டரி சோதனை விதிகளை இன்னும் இறுக்கினார்கள்.

ஒரு காலத்தில் ஆம்னி வேன்களில் சமையல் காஸ் சிலிண்டரைப் படுக்க வைத்து ஓட்டியது ஞாபகம் இருக்கிறதா? பின் சீட்டில் குழந்தைகள், சீட்டுக்கு அடியில் சிவப்பு சிலிண்டர். அந்த வேலையைச் செய்து கொடுத்தவர்களும் கெட்டிக்கார மெக்கானிக்குகள்தான். ஆகவே, 'யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் மாட்டிக் கொள்ளலாம்' என்று சட்டம் விட்டுவிட முடியாது. அது சரி.

பெரியப்பாவை பயமுறுத்த நான் எடுத்தது 182-ஏ பிரிவு. 2019 திருத்தத்தில் வந்தது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், அந்த வரி 'வாகனத்தின் உரிமையாளர்' என்றுதான் ஆரம்பிக்கிறது. மாற்றிய மெக்கானிக்கைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

பெரியப்பா அசரவில்லை. "ஐயாயிரம்தானே? இரண்டே முக்கால் லட்சத்தில் அது எத்தனை சதவீதம், சொல்லு பார்க்கலாம்."

ஒன்று புள்ளி எட்டு சதவீதம். (அந்தக் குரலுக்கு இன்னும் தானாக பதில் வந்துவிடுகிறது.)

ஆனால் அவரை நிறுத்தியது அபராதம் இல்லை, இன்ஷூரன்ஸ். தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் என்பது நாம் மோதி யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனி கொடுப்பது. உயிர்ச்சேதம் என்றால் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. கோர்ட் சொல்கிற தொகைதான். அந்தப் பொறுப்பிலிருந்து இன்ஷூரன்ஸ் கம்பெனி நழுவ, சட்டம் விரல்விட்டு எண்ணும்படியான சில வழிகளைத்தான் விட்டிருக்கிறது. அதில் ஒன்று, முக்கியமான விவரத்தை மறைத்து பாலிஸி எடுத்திருந்தால். எண்ணூறு சி.சி. பெட்ரோல் கார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே பாட்டரியில் ஓட்டினால், அதைவிட முக்கியமான விவரம் வேறு என்ன இருக்கிறது? கம்பெனி வக்கீலுக்கு வேலையே இல்லை. பானெட்டைத் திறந்து காட்டினால் போதும். மெக்கானிக் கேட்டாரே, 'யாருங்ணா தெறந்து பாக்கப் போறாங்க' என்று... அவர்தான் பார்க்கப் போகிறார்!

இதில் தமாஷ் என்னவென்றால், உண்மையைச் சொல்லியிருந்தால் பிரீமியம் குறைவு. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட பெட்ரோல் காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் வருஷத்துக்கு 2,094 ரூபாய். முப்பது கிலோவாட் வரையிலான எலெக்ட்ரிக் காருக்கு 1,780 ரூபாய். வருஷம் 314 ரூபாயை அதிகமாகக் கட்டி, இருக்கிற வீட்டைப் பணயம் வைப்பது! "பெரியப்பா, பீளமேட்டு வீடு உங்க பேர்லதானே இருக்கு?" என்று கேட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

வரி விஷயத்திலும் இதே கூத்துதான். முழு எலெக்ட்ரிக் காராக வாங்கினால் 2019 ஆகஸ்டிலிருந்து ஜி.எஸ்.டி. ஐந்து சதவீதம். லித்தியம் பாட்டரியைத் தனியாக வாங்கினால் 2018-ல் குறைத்த பிறகும் பதினெட்டு. அதாவது, ஷோரூமில் எட்டு லட்சம் கொடுத்துப் புதுக் கார் வாங்குபவருக்குச் சலுகை. இருக்கிற காரைத் தூக்கிப் போடாமல் பிழைக்க வைக்கிறேன் என்பவருக்கு முழு வரி. ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணமும் அப்படித்தான். இருபது வருஷத்தைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் பத்தாயிரம் ரூபாய் ஆக்கினார்கள். பாட்டரி வண்டிக்கு அந்தக் கட்டணமே கிடையாது என்று 2021-லேயே அறிவித்திருக்கிறார்கள். ஆர்.சி.யில் பாட்டரி வண்டி என்று ஏறிவிட்டால் லாபம்தான். ஏற வேண்டுமே!

டெல்லியில் இதற்கு அவசரமே வந்தது. அங்கே பத்து வருஷம் ஆன டீசல் வண்டிகளும் பதினைந்து வருஷம் ஆன பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2021 நவம்பரில் டெல்லி அரசு, பழைய டீசல் வண்டிகளை எலெக்ட்ரிக்காக மாற்றி ஓட்டிக் கொள்ளலாம் என்று கதவைத் திறந்தது. ஆனால் அங்கும் அதே விதி. அனுமதி பெற்ற கிட் இருந்தால்தான்.

வெளிநாடுகளில் எப்படி? பிரான்ஸில் 2020-ல்தான் இதற்குச் சட்டமே வந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் ஆன கார்களாக இருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட நம் வழிதான். எனக்குப் பிடித்தது நியூஸிலாந்து. அங்கே ஒற்றைக் காரை மாற்றுகிறவர்களுக்கென்று தனி முறை இருக்கிறது. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற சான்றாளர் ஒருவர் உங்கள் காரை, உங்கள் ஒரே ஒரு காரை, பார்க்கிறார். ஒயர் போன விதம், பாட்டரி உட்கார்ந்த விதம், பிரேக் பிடிக்கிற விதம். திருப்தி என்றால் காரில் ஒரு தகடு ஏறும். ஆஸ்திரேலியாவிலும் எலெக்ட்ரிக் மாற்றத்துக்கென்றே வழிகாட்டி எழுதி வைத்து, இன்ஜினீயர் ஒருவர் தனித்தனிக் காரைப் பார்த்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர் தலையில் பொறுப்பு. கார்க்காரர் செலவும் ஒரு காருக்கான செலவுதான்.

நம் ஊரில் ஓட்டைப் பஸ்ஸுக்கே எஃப்.சி. கொடுக்கிற ஆட்கள் இருக்கும்போது அப்படியெல்லாம் கையெழுத்தை நம்ப முடியுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம்பிக்கைதான் பிரச்னை என்றால், ஒரகடத்தில் உள்ள சோதனை நிலையத்திலேயே ஒற்றைக் கார்களுக்கென்று தனியாக ஒரு சோதனை வைக்கலாமே? கட்டணம் இருபத்தைந்தாயிரம் வைக்கட்டும், முப்பதாயிரம் வைக்கட்டும். பெரியப்பா கட்டத் தயார். கணபதிக்காரர் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவரத் தயார். இப்போது இவர்கள் இருவருக்கும் சட்டம் வைத்திருக்கும் வழி, ஒன்று சும்மா இருப்பது, அல்லது திருட்டுத்தனமாகச் செய்வது. திருட்டுத்தனமாகச் செய்த பிரேக்கை எந்த இன்ஸ்பெக்டரும் பார்க்கப் போவதில்லை.

மாற்றித் தருகிறேன் என்று உங்களிடம் யாராவது வந்தால் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'என் காரின் மாடல் பெயர் போட்ட சோதனை நிலைய சர்டிபிகேட் எங்கே?' கம்பெனியின் பளபள நோட்டீஸ் வேண்டாம், வேறு மாடலின் சர்டிபிகேட் வேண்டாம், 'அப்ளை பண்ணியிருக்கோம்' வேண்டாம். அதைக் கையில் வாங்கி, உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, இதற்கு ஆர்.சி. மாற்றித் தருவீர்களா என்று கேட்டுவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

பெரியப்பா நவம்பரில் பத்தாயிரம் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டார். 2030 வரை அது பெட்ரோல் கார். கண் ஆஸ்பத்திரி போகிற அன்றைக்கு மட்டும் ஆக்டிங் டிரைவர் வருகிறார். அவர் க்ளட்ச்சைத் தேய்க்கிறார் என்று பெரியப்பாவுக்குக் கோபம். பின் சீட்டிலிருந்து பாடம் எடுக்கிறார். ஒற்றைக் காருக்குச் சோதனை வைக்க வழி செய்யுங்கள் என்று டெல்லிக்கு, சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு, இரண்டு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறார். பாட்டரி எடைக் கணக்கெல்லாம் போட்டு, விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து! பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் இங்கிலீஷில் போக வேண்டுமாம். என்னை எழுதச் சொல்லி, வந்ததும் திருத்துவதற்குச் சிவப்பு மசிப் பேனாவோடு காத்திருக்கிறார்.